தானாகப் பழுத்த முட்டையும் கப்பலில் வந்த மாடுகளும்

போன லீவுக்கு மன்னாருக்கு வந்திருக்கேக்க பெரியப்பா ஒரு கேள்வி கேட்டார். “ஆயிரக்கணக்கில மாட்டைக் கப்பல்ல ஏத்திக் கொண்டு வந்தாங்களே, அதுக்குப் பதிலா முட்டையாக் கொண்டு வந்திருக்கேலாதோ?”

பக்கத்தில் இருந்த எல்லாரும் சிரிச்சம். “மாடு எப்ப முட்டை போட்டது?” எண்டு சித்தி கேட்டா. பெரியப்பா சிரிக்கேல்லை. பட்டி மாடு வைச்சிருக்கிற மனுசன். ஊசி போட்டுச் சினைப்படுத்த வாற மிருக வைத்தியரிட்ட ஏதோ கேட்டு வைச்சிருக்கிறார்.

அவர் சொன்ன கப்பல் கதை உண்மை. பால் உற்பத்தியில் தன்னிறைவு காணவேணும் எண்டு இலங்கை அரசாங்கம் அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் இருந்து 20,000 கறவைப் பசுக்களை இறக்க ஒப்பந்தம் செய்தது. 2017 தொடக்கம் அதில் ஏறத்தாழ 5,000 பசுக்கள் வந்தன. கொஞ்ச நாளிலேயே முறைப்பாடுகளும் வந்தன. சொன்ன அளவு பால் இல்லை, நோய், கன்று தங்கவில்லை, மாடு செத்துப் போச்சு, ஆனால் கடன் மட்டும் அப்படியே நிக்குது எண்டு பண்ணையாளர்கள் சொன்னார்கள். மிச்ச மாடுகள் வரவில்லை.

நான் கலைப்பீடம். உயிரியல் சாதாரண தரத்தோட முடிஞ்சுது. எண்டாலும் பெரியப்பாவின்ட கேள்விக்குப் பதில் தேடப்போய், எனக்குத் தெரியாத ஒரு பெரிய வரலாற்றுக்குள் விழுந்துவிட்டேன். மாட்டின் முட்டையை ஆய்வுகூடத்தில் முதிர வைக்க மனிதர் பட்ட பாடுதான் அந்த வரலாறு. ஏறத்தாழ 90 வருசமாக நடக்கிறது, இன்னும் முடியவில்லை.

பாதியில் நிற்கும் முட்டை

முதலில் சித்திக்கான பதில். மாட்டுக்கும் முட்டை உண்டு. கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய முட்டைக் கலம். ஒரு நாகு கன்று பிறக்கும்போதே தன் வாழ்நாளுக்கான முட்டைகளைச் சூலகத்தில் கொண்டுதான் பிறக்கிறது. ஆனால் எல்லாம் பாதியில் நிற்கும். ஒடுக்கற்பிரிவு தொடங்கி, நடுவழியில் உறங்கிப் போன கலங்கள் அவை. ஒவ்வொரு முட்டையும் சூலகத்தில் ஒரு சிறு நீர்க்கொப்புளத்துக்குள், சின்னச் சின்னக் கலங்கள் மொய்த்துக்கொண்டிருக்க இருக்கும். ஏறத்தாழ 21 நாளுக்கு ஒருமுறை, பெரும்பாலும் ஒரே ஒரு முட்டைக்குத்தான் மூளையடியிலிருந்து ஓமோன் சமிக்ஞை வரும். அது வந்தபின் ஒரு நாளளவில் முட்டை உறக்கம் கலைந்து, மிச்சப் பிரிவைச் செய்து, முதிர்ந்து வெளியே வரும். மற்ற ஆயிரக்கணக்கானவை அப்படியே கரைந்து போய்விடும்.

ஒரு பசு ஒரு முறைக்கு ஒரு கன்றுதான் போடும். சூலகத்துக்குள்ளேயோ ஆயிரக்கணக்கில் வாய்ப்பு கிடக்கிறது. அதை எடுத்து வெளியில் முதிர வைக்க முடிந்தால்? இதுதான் ஆசை.

1935: முட்டை தானாக விழித்தது

1935இல் அமெரிக்காவின் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் கிறகரி பின்கஸ், அவரோடு என்ஸ்மன் என்பவர், முயலின் முட்டைகளை அந்தக் கொப்புளத்திலிருந்து எடுத்துக் கண்ணாடித் தட்டில் வைத்துப் பார்த்தார்கள். எந்த ஓமோனும் போடவில்லை. முட்டைகள் தாங்களாகவே விழித்துப் பிரிவைத் தொடர்ந்தன. (பிற்காலத்தில் கருத்தடை மாத்திரையை உருவாக்கியவர்களில் ஒருவரும் இதே பின்கஸ்தான்.)

பார்த்தால் சந்தோசமான செய்தி. ஆனால் அதற்குள் ஒரு பொறி இருந்தது. எடுத்தவுடன் முட்டை தானாக முதிர்கிறது என்றால், உடம்புக்குள் அதை யாரோ பிடித்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? ஏன் நிறுத்தி வைத்திருந்தார்கள்? அந்தக் கேள்விக்குச் சரியான பதில் கிடைக்க இன்னும் பல பத்தாண்டுகள் ஆனது.

அடுத்த பெரிய பெயர் றொபேர்ட் எட்வேர்ட்ஸ். 1965இல் அவர் எலி, செம்மறி, பசு, பன்றி, குரங்கு, மனிதர் ஆகியோரின் முட்டைகளைத் தட்டில் முதிர வைத்துக் கட்டுரை எழுதினார். மனித முட்டைக்கு 12 மணித்தியாலம் போதும் என்று பின்கஸ் முன்னர் எழுதியிருந்தார். அதை நம்பி எட்வேர்ட்ஸ் திரும்பத் திரும்பப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கூடுதல் நேரம் காத்திருந்து பார்த்தபோதுதான் முட்டைகள் அசைந்தன. 12 அல்ல, ஒன்றரை நாளளவு தேவைப்பட்டது. பெரிய கண்டுபிடிப்பு ஒன்று, இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்த்ததால் வந்தது என்பது எனக்குப் பிடித்த விசயம்.

எட்வேர்ட்ஸுக்கு 2010இல் நோபல் பரிசு கிடைத்தது. 1978 யூலை 25 பிறந்த லூயிஸ் பிறவுண், உலகின் முதல் ‘சோதனைக்குழாய்க் குழந்தை’, அவரும் பற்றிக் ஸ்டெப்ரோவும் ஜீன் பேர்டியும் சேர்ந்து செய்த வேலையின் பலன். ஆனால் கவனியுங்கள்: லூயிஸ் உருவான முட்டை தட்டில் முதிர்ந்ததல்ல. தாயின் உடம்புக்குள் முதிர்ந்து, வெளிவரும் தறுவாயில் எடுக்கப்பட்டது. கருக்கட்டல் மட்டும்தான் வெளியில். மாட்டிலும் அதே கதைதான். 1981இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பெஞ்சமின் பிறக்கெற் குழு பிறப்பித்த முதல் கன்று வேர்ஜில், உடம்புக்குள் முதிர்ந்த முட்டையிலிருந்தே வந்தது. தட்டில் முட்டை முதிரும், விந்தோடு சேரும். அதற்குப் பிறகு கன்று வரை போகத்தான் மாட்டேன் என்றது.

இறைச்சிக்கடைக் கழிவிலிருந்து ஒரு கன்று

அந்த வேலியைத் தாண்டியது 1980களின் நடுவில். 1986இல் ஜப்பானில் ஹனாடா குழு, தட்டில் முதிர வைத்துத் தட்டிலேயே கருக்கட்டிய முட்டைகளிலிருந்து கன்றுகள் பிறந்ததை அறிவித்தது. அடுத்த ஆண்டளவில் அயர்லாந்தின் டப்ளினில் லூவும் இயன் கோர்டனும் முதிர்ச்சி, கருக்கட்டல், முளைய வளர்ச்சி எல்லாவற்றையும் உடம்புக்கு வெளியே செய்து காட்டினார்கள். மூலப்பொருள் என்ன தெரியுமா? கொல்களத்தில் வெட்டிய மாடுகளின் சூலகங்கள். இறைச்சி ஆக்களுக்கு அது எறியிற சாமான். வெந்நீர்ப் போத்தலில் இளஞ்சூட்டு உப்புநீர் விட்டு, அதுக்குள்ள போட்டுக்கொண்டு போனால் ஆய்வுகூடத்துக்குத் தங்கம்.

இதில் எங்களுக்குக் கிட்ட இருக்கிற கதை இந்தியாவில், ஹரியானாவின் கர்னாலில் நடந்தது. அங்குள்ள தேசிய பால்பண்ணை ஆராய்ச்சி நிறுவனத்தில் எம். எல். மதன் தலைமையிலான குழு எருமையில் முயன்றது. டெல்லிக் கொல்களங்களில் கிடைத்த எருமைச் சூலகங்களை நூறு கிலோமீற்றருக்கு மேல் கொண்டுபோய் வேலை செய்தார்கள். இந்தியாவின் பல மாநிலங்களில் பசுவை வெட்டத் தடை. ஆகவே கிடைத்தது எருமைச் சூலகம். எருமை இலகுவான மிருகமும் அல்ல. பசுவின் சூலகத்தோடு ஒப்பிட்டால் எருமையினதில் முட்டைகள் மிகக் குறைவு. ஒரு சூலகத்தில் நல்லதென்று ஒன்றோ இரண்டோ கிடைத்தாலே பெரிய விசயம். கொழுப்பு நிறைந்து இருண்ட முட்டைகள், உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்பதும் கஷ்டம்.

1990 நவம்பரில் அங்கே ஓர் எருமைக் கன்று பிறந்தது. பெயர் ‘பிரதம்’, முதலாவது என்று அர்த்தம். இந்த முறையில் பிறந்த உலகின் முதல் எருமைக் கன்று. 2009இல் இதே நிறுவனம் ‘சம்ரூபா’, ‘கரிமா’ என்று படியாக்க எருமைக் கன்றுகளையும் பிறப்பித்தது. சம்ரூபா சில நாளில் செத்துவிட்டது. கரிமா இரண்டு வருசத்துக்கு மேல் இருந்தது. அந்தக் கன்றுகளுக்கும் அடிப்படை, கொல்களச் சூலகத்திலிருந்து எடுத்துத் தட்டில் முதிர வைத்த முட்டைதான்.

1990 நவம்பர் என்று வாசித்ததும் கொஞ்ச நேரம் அதற்கு மேல் வாசிக்க முடியவில்லை. அதற்கு முந்திய மாதக் கடைசியில்தான் வடக்கு முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். எருக்கலம்பிட்டியிலும் தாராபுரத்திலும் இருந்த சனம் படகேறிக் கற்பிட்டிப் பக்கம் போனது. அதே வருசம் தமிழ்ச் சனம் தலைமன்னாரிலும் பேசாலையிலும் இருந்து இராமேஸ்வரத்துக்கு ஓடியது. படகில் மாட்டை ஏத்தேலாது. கட்டை அவிழ்த்துவிட்டுத்தான் போனார்கள். இன்றைக்கும் எங்கட ஊரில் கட்டாக்காலி மாடு எண்டு சொல்லும்போது வயசானவர்களின் முகம் மாறுவது அதனால்தான். கர்னாலில் ஒரு கன்றுக்காக 38.5 பாகையில் இரவு பகலாக ஓர் அடைகாக்கும் பெட்டி ஓடிக்கொண்டிருந்த காலத்தில், எங்களிடம் நம்பக்கூடிய மின்சாரமே இல்லை. விஞ்ஞானத்தில் பின்தங்கினோம் என்று சொல்வது சுகம். எந்த வருசம், எதனால் என்பதையும் சேர்த்துச் சொல்லவேணும்.

இரண்டு முதிர்ச்சி

சரி, தட்டில் முதிர்ந்த முட்டை ஏன் கன்றுவரை போக மறுத்தது? இதுதான் முழு வரலாற்றின் நடுமுடிச்சு.

முட்டைக்கு இரண்டு முதிர்ச்சி இருக்கிறது. ஒன்று அதன் கருவினுடையது: நிறமூர்த்தங்கள் பாதியாகப் பிரிவது. நுணுக்குக்காட்டியில் பார்த்தாலே தெரியும். பின்கஸ் கண்டது அதைத்தான். மற்றது குழியவுருவினுடையது: கருவைச் சுற்றியுள்ள உடம்பு தயாராவது. அது கண்ணுக்குத் தெரியாது. புரதங்கள் சேரவேணும், எழுதப்பட்ட மரபுச் செய்திகள் அடுக்கப்படவேணும், இழைமணிகள் இடம் மாறவேணும். பசுவின் முளையம் 8–16 கலம் ஆகும்வரை தன் சொந்த மரபணுக்களைப் பெரிதாகப் பயன்படுத்துவதில்லை. அதுவரை சாப்பிடுவது முழுக்கத் தாய் முட்டைக்குள் கட்டி வைச்ச சோத்துப் பொதி. பொதி குறைந்தால் முளையம் பாதிவழியில் நின்றுவிடும்.

கொப்புளத்துக்குள் முட்டையை நிறுத்தி வைத்திருந்தது இந்தப் பொதியைக் கட்டத்தான். வெளியே எடுத்தவுடன் கரு அவசரப்பட்டு முதிர்கிறது. உடம்பு பின்னால் நிற்கிறது. புகை போட்ட வாழைக்குலை மாதிரி. தோல் மஞ்சள், உள்ளே கல்.

இதைப் புரிந்தபின் மேம்பாடுகள் ஒவ்வொன்றாக வந்தன. முட்டையைச் சுற்றி மொய்க்கும் சின்னக் கலங்களை ஆரம்பத்தில் பலர் இடைஞ்சலாக நினைத்தார்கள். அவை நூல்போன்ற கைகளை முட்டையின் ஓட்டினூடாக நீட்டி உணவும் சமிக்ஞையும் கொடுக்கின்றன என்று பிறகு தெரிந்தது. அவற்றை உரித்துவிட்டு முதிர வைத்தால் முளையம் ஆகும் வீதம் விழும். இன்று முட்டை பொறுக்கும்போது, அந்தக் கலங்கள் அடர்த்தியாக ஒட்டியிருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள்.

வளர்ப்பூடகத்தின் கதையும் சுவாரசியம். பலர் பயன்படுத்தும் ‘மீடியம் 199’ மாட்டு முட்டைக்காகச் செய்யப்பட்டதே அல்ல. 1950இல் ரொறன்ரோவில் கோழிக் கலங்களை வளர்க்கச் செய்தது. பிறகு போலியோ தடுப்பூசி வேலைக்கு உதவியது. அதற்குள் ஓமோன்களையும் கன்றுக்குட்டிகளின் குருதிச் சீரத்தையும் கலந்து முட்டைக்குக் கொடுத்தார்கள். சீரம் நிறையக் கலந்த ஊடகத்தில் முளையம் மளமளவென்று வளர்ந்தது. ஆனால் அப்படி வளர்ந்தவற்றில் சில அளவுக்கு மீறிப் பெரிய கன்றுகளாகப் பிறந்தன. தாய்க்கும் ஆபத்து, கன்றுக்கும் ஆபத்து. 1990களில் இது பெரிய பிரச்சினையானது. வேகம் கூடியதை வெற்றி என்று நினைத்ததற்குக் கிடைத்த இரண்டாவது அடி.

2010இல் எலியில் ஒரு பதில் வந்தது. முட்டையை உறங்க வைக்கும் சமிக்ஞை கொப்புளத்தின் சுவரிலிருந்து வருகிறது. அது ஒரு சிறிய புரதம் என்று அமெரிக்காவில் எப்பிக் குழுவினர் காட்டினார்கள். ஏறத்தாழ அதே நேரத்தில் அவுஸ்திரேலியாவின் அடிலெய்டில் கில்கிறிஸ்ட் குழுவினர் தலைகீழான முறை ஒன்றை முன்வைத்தார்கள். முட்டையை எடுத்ததும் முதிர விடாதே. முதலில் கொஞ்ச நேரம் உறங்கவே வை, பொதி கட்டட்டும், பிறகு எழுப்பு. இன்று மாடு, எருமை, ஆடு என்று பல மிருகங்களில் செய்யப்படும் முன்னேற்றங்களில் முக்கியமான ஒரு பாதை இதுதான்: அவசரப்படுத்துவதல்ல, பிடித்து நிறுத்துவது. அப்படியும் தட்டில் முதிர்ந்த 100 பசு முட்டைகளில், மாற்றி வைக்கக்கூடிய முளையமாக வளர்வது பொதுவாக 30, 40 மட்டில்தான்.

அப்ப பெரியப்பாவின்ட கேள்வி?

முட்டையாக அல்ல, முளையமாகக் கொண்டு வரலாம். உறையவைத்த முளையம் ஒரு சின்னக் குழாய்க்குள், திரவ நைதரசன் கலனில் வரும். ஒரு கப்பல் மாட்டின் பெறுமதி ஒரு கலனுக்குள் அடங்கும். எங்கட பசுவின் கருப்பையில் வைத்தால், பிறக்கிற கன்று எங்கட பசுவின் கடும்புப் பாலைக் குடித்து எங்கட ஊர் நோய்களுக்கு எதிரான எதிர்ப்புச் சக்தியையும் கொஞ்சம் வாங்கும். முறையாகக் கழுவிய முளையத்தோடு நோய் வரும் வாய்ப்பும் உயிர் மாட்டை விடக் குறைவு. நோய் வந்த கதை எங்களுக்குத் தெரியும். 1987இல் இந்திய அமைதிப்படைக்காகக் கொண்டுவந்த ஆடுகளோடு வெக்கை நோய் இலங்கைக்குள் திரும்ப நுழைந்தது. அதை ஒழிக்க 1994 வரை போனது.

பிறேசில் இதைத்தான் பெரிய அளவில் செய்தது. இந்தியாவிலிருந்து போன கிர் போன்ற திமில் மாட்டினங்களின் சூலகத்தில் முட்டைகள் அதிகம். அந்த நாடு தட்டு முளையத்தில் உலகின் முன்வரிசைக்கு வந்தது. 2016 தொடக்கம் உலகில் தட்டில் உருவாகும் மாட்டு முளையங்கள், உடம்புக்குள் உருவாகி எடுக்கப்படுபவற்றைத் தாண்டிவிட்டன.

ஆனால் பெரியப்பாவிடம் நான் “ஓம், முட்டையே காணும்” எண்டு சொல்லவில்லை. குளிர்நாட்டு இனத்தின் முளையம் வெயிலைத் தாங்கும் உடம்பை எங்கட பசுவிடமிருந்து வாங்காது, மரபணு அதுவேதான். முட்டையே வெப்பத்துக்குப் பயந்தது. 41 பாகையில் முதிர வைத்தால் முளையமாகும் அளவு விழுகிறது என்று புளோரிடாவில் ஹான்சன் குழுவினர் 1990களில் காட்டினார்கள். கோடையில் பட்ட சூடு மாரி தொடங்கிய பிறகும் மாட்டின் கருத்தரிப்பைக் குறைக்கிறது என்று இஸ்ரேலில் கண்டார்கள். மன்னார் வெயிலை நான் விளக்கத் தேவையில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. இந்தத் தொழில்நுட்பம் இரண்டு பக்கமும் வெட்டும். வெளிநாட்டு இனத்தை வேகமாகப் பெருக்கி எங்கட சின்ன நாட்டு மாட்டை இல்லாமல் செய்யவும் அதால் முடியும். வெட்டுக்குப் போகும் நல்ல நாட்டுப் பசுவின் சூலகத்திலிருந்து முட்டை எடுத்து அந்த இனத்தைக் காக்கவும் முடியும். வரட்சியையும் உண்ணியையும் தாங்கி, காலபோகத்தில் வயலுக்கு வெளியே விரட்டப்பட்டு, அறுவடை முடிய வந்து தாள் மேய்ந்து உயிர் பிழைக்கிற மாடு அது. அதன் மதிப்பு லீற்றரில் மட்டும் இல்லை. பேராதனையில் கால்நடை மருத்துவ பீடம் இருக்கிறது, கன்னொறுவையில் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. எந்தப் பக்கம் வெட்டுவது என்பது ஆய்வுகூடத்துக்குள் மட்டும் தீர்மானிக்கிற விசயமில்லை. பெரியப்பா மாதிரி ஆக்களையும் கேக்கவேணும்.

90 வருசம் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கற்றது, முட்டை தனியாக முதிர்வதில்லை என்பதுதான். சுற்றியிருந்ததை உரித்துவிட்டு எடுத்தால் வெளியே முதிர்ந்த மாதிரி இருக்கும். உள்ளே பொதி காலி. கப்பலில் வந்த மாட்டுக்கு நடந்ததும் அதே பிழையாகத்தான் எனக்குப் படுகிறது. மாட்டை மட்டும் கொண்டு வந்தார்கள். அது தின்ற புல், அது பழகிய குளிர், அதைப் பார்த்த வைத்தியர், இதொண்டும் கப்பலில் ஏறவில்லை. முளையமாகக் கொண்டு வந்தாலும், மேய்ச்சல் தரை, கூப்பிட்ட நேரத்துக்கு வரக்கூடிய மிருக வைத்தியர், பால் எடுக்கிற சங்கம் இதெல்லாம் இல்லையெண்டால் அதே கதைதான்.

இதையெல்லாம் பெரியப்பாவுக்குச் சொல்லி முடிக்க ஒரு பின்னேரம் போச்சு. கடைசியில் அவர் ஒண்டுதான் கேட்டார். “அப்ப முதல்ல மேய்ச்சல் தரையைத் தரச்சொல்லு. மிச்சத்தை என்ர மாடு பாக்கும்.”

இந்த முறை ஒருத்தரும் சிரிக்கேல்லை.